பழைய முகத்துக்குள் புதிய எஞ்சின்: மோர்கன் பிளஸ் ஃபோர் பற்றிச் சில குறிப்புகள்

2025 மார்ச் 9 – சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்

"பழைய கார் போலத் தோற்றம் கொடுத்து விற்கும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் மாறுவேடப் போட்டிக்கு வந்த பணக்காரப் பிள்ளைகள். உண்மையான பழசு எங்கள் ஊர் ஒழுங்கைகளில் நிற்கிறது. நீங்கள் இங்கிலாந்தில், இன்றைக்கும் பழைய தோற்றத்திலேயே கார் செய்யும் மோர்கன் நிறுவனத்தின் கார் ஒன்றில் ஏறிச் சுற்றியதாகக் கேள்வி. உள்ளதைச் சொல்லுங்கள். கண்டவுடன் என்ன தோன்றியது?"

மார்ச் 9, இரவு

பொறாமை. வேறு பெயர் சொல்லி மழுப்ப விருப்பமில்லை.

அக்காவின் மகன் பேர்மிங்காமில் இருக்கிறான். நான் போயிருந்தபோது, "மாமாவுக்குப் பழைய கார் என்றால் உயிர்" என்று சொல்லி மோர்கனின் பிளஸ் ஃபோர் மாதிரிக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து வாசலில் நிறுத்தினான். கரும்பச்சை நிறம், கம்பிச் சில்லுகள். எல்லாரும் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். என் கண் போனது எஞ்சினை மூடும் பொனற்றின் பக்கவாட்டுக்கு. வரிசையாகக் காற்றுப் பிளவுகள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பிளவின் உதடும் ஒரே அளவில் வெளியே வளைந்து நின்றது. பள்ளிக்கூடத் தொழிற்கூடத்தில் தகரமும் மரமும் படிப்பித்தவனுக்கு அந்த உதட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூரான விளிம்பு எங்கும் தட்டவில்லை.

ஏறி உட்கார்ந்தால் உலகம் மாறிவிடுகிறது. கதவின் மேல் விளிம்பு முழங்கைக்கே வருகிறது. பின்சில்லுக்கு ஒட்டி முன்னால்தான் கதிரை. அங்கிருந்து பார்த்தால் பொனற் முடிவதாகவே தெரியவில்லை. அதற்கு இருபுறமும் மட்காட்கள் தனித்தனியாக வளைந்து இறங்குகின்றன. என் 1953 ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டில் உட்கார்ந்தால் தெரிவதும் ஒரு கொழுத்த பொனற்தான், ஆனால் அது வெற்றிலை போட்ட பெரியவரின் கன்னம். இது வேறு.

பிறகு மருமகன் எஞ்சினை இயக்கிக் கியரைப் போட்டான். அந்தக் கியர் லீவரை எனக்கு முன்பே தெரியும். கொழும்பில் ஒரு பெரிய மனிதரின் பி.எம்.டபிள்யூ.வில் பார்த்திருக்கிறேன். அதே பொருள். பொறாமையில் கால்வாசி அந்த நொடியில் இறங்கியது.

மார்ச் 10

ரொறன்ரோவிலிருந்து தம்பி ஒருவர் எழுதுகிறார்: மோர்கனின் அடிச்சட்டமே மரமாம், மோதினால் விறகாகிவிடுமாம்.

இல்லை. மோர்கனின் அடிச்சட்டம் உலோகம். நீண்ட காலம் ஏணி வடிவ உருக்குச் சட்டம் இருந்தது, அது 2020உடன் நின்றுவிட்டது. இப்போதையது அலுமினியத் தகடுகளைப் பசையாலும் தறைகளாலும் இணைத்த மேடை. 2019இல் பிளஸ் சிக்ஸ் என்ற மாதிரியில் வந்தது, அடுத்த ஆண்டு பிளஸ் ஃபோருக்கும் வந்தது. மரம் இருப்பது அதற்கு மேலே. உடலைத் தாங்கும் எலும்புக்கூடு ஆஷ் மரம், அதன்மேல் அலுமினியத் தோல். இந்த மரச் சட்டக் கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் வராமல் இருக்குமா?

கணக்குக் கேட்டவருக்கு: இரண்டு லீற்றர், நான்கு சிலிண்டர், டேர்போ, 255 குதிரை வலு. எஞ்சின் பி.எம்.டபிள்யூ.வுடையது. திரவங்கள் இல்லாமல் எடை ஒரு தொன்னைச் சற்றே தாண்டும். என் ஏ40யும் ஏறக்குறைய ஒரு தொன் எடைக்காரர்தான். அவரிடம் இருப்பது 1.2 லீற்றரும் நாற்பது சொச்சம் குதிரைகளும். மணிக்கு நூறு கிலோமீற்றரை மோர்கன் ஐந்து செக்கனில் எட்டும். ஏ40 நூறை எட்ட வேண்டுமானால் நல்ல இறக்கம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் இறக்கம் கிடையாது.

மார்ச் 12

சுன்னாகத்தார் விடுவதாக இல்லை. "தோற்றத்தைப் பழசாக்கி விற்பது ஏமாற்று" என்று மறுபடியும் எழுதியிருக்கிறார்.

மோர்கன் விடயத்தில் இந்த வழக்கு சற்று இழுபறி. மற்ற நிறுவனங்கள் பழைய முகத்தைக் கைவிட்டு, பிறகு ஏக்கம் விலைபோகும் என்று தெரிந்ததும் திரும்ப எடுத்தன. இவர்கள் கைவிடவே இல்லை. 1909இல் மூன்று சில்லு வண்டியோடு தொடங்கியது, 1936இல் முதல் நான்கு சில்லு வண்டி, 1950இல் முதல் பிளஸ் ஃபோர். ஐம்பதுகளின் நடுவில் முன்பக்கத்துக்கு வந்த வளைவுதான் இன்றைக்கும் சிறு மாற்றங்களோடு தொடர்கிறது. 1990இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக ஐ.சி.ஐ. என்ற இரசாயன நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜோன் ஹார்வி-ஜோன்ஸ் தொழிற்சாலைக்குப் போய், உற்பத்தியைக் கூட்டுங்கள், முறையை நவீனமாக்குங்கள் என்று புத்தி சொன்னார். அப்போது ஒரு காருக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுத் தங்கள் வழியில் போனார்கள். அவர் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வரிசையில் நிற்பதுதான் பாதி வியாபாரம் என்பது ஒரு நல்லெண்ணெய் வியாபாரிக்குக்கூட விளங்கியிருக்கும்.

ஆகவே, மாறாமல் இருந்தவனை மாறுவேடக்காரன் என்று சொல்லலாமா? யோசித்துச் சொல்லுங்கள். நானும் யோசிக்கிறேன்.

மார்ச் 16

பொனற்றைத் திறந்தீர்களா என்று கோண்டாவில் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

திறந்தோம். நடுவில் கீல் வைத்து இருபுறமும் தூக்கும் பொனற். அந்தச் செயலே ஒரு சடங்கு. தூக்கியபின் உள்ளே நான் கண்டது ஒரு கறுப்பு மூடி. அதன்கீழ் எஞ்சின் இருக்கிறது என்பது நம்பிக்கை. என் கை தன்னிச்சையாக, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரைத் தேடியது. காபரேற்றர் இல்லை என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பிளக்கைக் கழற்றவே மூடியை எடுத்து, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் உட்கார்ந்திருக்கும் கொயிலை எடுத்து இறங்க வேண்டும். ஏதாவது குறை என்றால் கணினியைச் செருகிக் கேட்க வேண்டும். நவீன கார் எல்லாம் அப்படித்தான், மோர்கனைத் தனியாகக் குற்றம் சொல்ல நியாயமில்லை. ஆனால் அந்தப் பொனற்றின் அழகு என்னை வேறொன்றுக்குத் தயார்ப்படுத்தியிருந்தது.

என் கை ஏன் அப்படித் தேடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இந்த ஏ40யை வாடகைக்கு ஓடினார். 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது, கிடைத்தால் போத்தல் கணக்கில், தங்கப் பவுண் விலையில். எல்லாரும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். இளையவர்கள் இதை ஏதோ சாதனைக் கதை போலக் கேட்கிறார்கள். செய்முறையைக் கேளுங்கள்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எஞ்சினை எழுப்ப மட்டும் பெற்றோல். பொனற்றுக்குள் ஒரு சிறு போத்தல் கட்டியிருக்கும். அதிலிருந்து இறப்பர்க் குழாய், நடுவில் ஒரு திருகி. சில துளி பெற்றோலில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடேறியதும் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். முந்தித் திருப்பினால் இருமி நின்றுவிடும், பிந்தித் திருப்பினால் நாளைய பெற்றோல் போய்விடும். சூடு குறையாமல் இருக்க றேடியேற்றருக்கு முன்னால் ஒரு காட்போட் மட்டையைச் செருகுவார். ஏ40யின் எஞ்சின் குறைந்த அமுக்கம் கொண்டது, சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை அதிகம் நெரிக்காது. அதனால்தான் அந்த எரிபொருளையும் சகித்துக்கொண்டது, அப்போதும் ஏற்றமான பாலத்தில் தட்டும் சத்தம் கேட்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே வடியும். ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், நாளாக ஆகக் குறையவேண்டிய அளவு கூடியிருக்கும். மூக்கில் வைத்தால் விளக்கு வாசம். ஒயில் தண்ணீராகிவிட்டது என்று அர்த்தம். பிளக்குகள் கரியாகிவிடும். அப்பா அவற்றைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் உரஞ்சுவார், நான் ரோச் பிடிப்பேன், அதற்கும் பற்றரி இருந்தால்.

பின்னால் வெள்ளைப் புகை. உள்ளே இருப்பவர்களுக்குக் கண் எரியும். அந்தக் காரில்தான் பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிப்போனார்.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, கார் தொட்டியில் ஒரு சொட்டும் இல்லை. அப்பா கொட்டிலுக்குள் விட்டுவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் விநியோகியின் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். விரல் நுனி அளவுப் பொருள். அது இல்லாமல் வண்டியை ஒருவரும் கொண்டுபோக முடியாது. சாவகச்சேரியில் இருந்த காலம் முழுக்க அது அவருடைய பையில் இருந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ரயர் நான்கும் இல்லை, பற்றரி இல்லை, கதிரைத் துணி இல்லை. வண்டி இருந்தது.

ஆகவே சுன்னாகத்தாருக்கு என் அளவுகோல்: முகம் பழசா புதுசா என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். நடுவழியில் நின்றால் யார் கை வைத்து எழுப்புவார்? முதல் கேள்வி அது.

மார்ச் 17

மோர்கனுக்கு மண்ணெண்ணெய் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர் பகிடிக்குத்தான் கேட்டிருப்பார், இருந்தாலும் பதில்: அதன் அமுக்கம் பத்துக்கு ஒன்றையும் தாண்டியது, மேலே டேர்போ, எரிபொருளைப் பெரும் அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள் பீச்சும் முறை. மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது தட்டாமல் எரியும் தன்மை, அதற்குக் கிட்டவும் வராது. தட்டும், கணினி கண்டுபிடிக்கும், அடக்கிப் பார்க்கும், பிறகு நிறுத்திவிடும். மருமகனுடைய வைப்புப் பணமும் போயிருக்கும்.

மார்ச் 18

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். வரிசையில் நின்றபோது சில பொடியன்கள் வந்து, "ஐயா, உங்கள் ஏ40யைத் திரும்ப மண்ணெண்ணெய்க்கு மாற்றலாமே" என்றார்கள். மண்ணெண்ணெய் எங்கே இருந்தது? மீனவர்கள் அதற்கும் வரிசையில் நின்றார்கள். அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. வறுமைக்கால வித்தைகள் எல்லா வறுமைக்கும் பொருந்துவதில்லை.

மார்ச் 23

மரத்தைப் பற்றி எழுதுங்கள் என்று பலர். சரி.

மோர்கன் தொழிற்சாலை மால்வேர்னில் இருக்கிறது. பேர்மிங்காமிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். பார்வையாளர்களை அழைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். வாடகை மோர்கனிலேயே போய் இறங்கினோம். சிவப்புச் செங்கல் கொட்டகைகள் சரிவில் வரிசையாக நிற்கின்றன. நான் எதிர்பார்த்தது காட்சிக்காகத் தச்சு வேலை செய்யும் இரண்டு கிழவர்களை. இருந்ததோ இளம் பிள்ளைகள், காதில் பென்சில்.

பின்சில்லு வளைவு செய்யும் இடத்தில் நான் நகரவில்லை. ஆஷ் மரத்தை மெல்லிய நீளக் கீலங்களாக அறுத்து, மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை பூசி அடுக்கி, வளைந்த அச்சுக்குள் வைத்துத் திருகிகளால் நெரிக்கிறார்கள். நெரிக்க நெரிக்கப் பசை விளிம்பில் மணிமணியாக வெளியே வருகிறது. எல்லா இடத்திலும் மணி வந்தால் பிடிப்பு சரி, ஓரிடத்தில் வராவிட்டால் அங்கே இடைவெளி. அந்தப் பையன் திருகியை இறுக்கிக்கொண்டே மணிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு இறுக்குகிறோம் என்று தெரிந்த கை. பக்கத்தில் நின்ற மருமகன் கைப்பேசியில் படம் எடுத்தான், நான் மணிகளை எண்ணாத குறை.

ஏன் ஆஷ்? வளையும், அதிர்ச்சியைத் தாங்கும், நார் நேராக ஓடும். கோடரிப் பிடிக்கும் கிரிக்கெட் விக்கெட் குச்சிக்கும் வெள்ளைக்காரர் இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1904 முதல் நடக்கும் பள்ளிக்கூடக் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும் போரில் மத்திய கல்லூரிக்காரனும் பரி. யோவான்காரனும் எகிறவிட்ட குச்சிகளில் எத்தனை ஆஷ் என்று யாராவது ஆராயலாம்.

திரும்பி வந்து திருநெல்வேலியில் உள்ள என் தச்சு நண்பரிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மரம் வந்தால் செய்து தருவேன்" என்றார். வீம்பு இல்லை, அவர் செய்வார். அதுதான் என் தலையைக் குழப்பிய விடயம். அந்தக் காரின் பாதியை யாழ்ப்பாணத்தில் திருத்தலாம். மற்றப் பாதிக்கு மூனிச்சைக் கேட்க வேண்டும்.

மார்ச் 24

சுன்னாகத்தார்: "நாங்கள் மட்டும் முதிரை மரத்தில் கார் செய்தால் மாநகர சபை வரி போடும்."

ஏப்ரல் 5

பி.எம்.டபிள்யூ. இசட்8ஐப் பற்றியும், மேலே திறக்கும் கதவுள்ள மெர்சிடீஸைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் நான் ஏறியதில்லை, ஆகவே நுகர்ந்ததைப் போல எழுதப்போவதில்லை. ஆனால் சுன்னாகத்தாரின் வழக்குக்கு மெர்சிடீஸ் நல்ல சாட்சி.

1954இல் வந்த 300 எஸ்.எல். காருக்கு ஏன் கதவு மேல்நோக்கித் திறந்தது? அழகுக்காக அல்ல. அதன் உடலைத் தாங்கியது மெல்லிய குழாய்களைப் பின்னிய சட்டம். பலம் வேண்டுமென்றால் அந்தக் குழாய்கள் பக்கத்தில் உயரமாக ஓட வேண்டும். ஓடினால் சாதாரணக் கதவுக்கு இடம் இல்லை. வேறு வழியின்றிக் கதவைக் கூரையில் கீல் போட்டுத் தூக்கினார்கள். பார்த்தவர்கள் பறவைச் சிறகு என்றார்கள். 2009இல் எஸ்.எல்.எஸ். என்று மறுபடியும் செய்தபோது அலுமினியச் சட்டம். அந்த நெருக்கடி இல்லை. கதவு மட்டும் மேலே போனது, ஏனென்றால் வாங்குபவர் அதைத்தான் கேட்டார். சரி, கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் கதவை எப்படித் திறப்பது? கீல்களில் சிறு வெடி வைத்தார்கள், கவிழ்ந்தால் ஆணிகள் வெடித்துக் கதவு கழன்றுவிடும். காரணத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் தூக்கிவந்தால், அதைக் காப்பாற்ற இன்னொரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையும் அபாரமான வேலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இசட்8க்கு மூலம் பி.எம்.டபிள்யூ. ஐம்பதுகளில் செய்த 507 என்ற கார். அது 252 தான் செய்யப்பட்டது, நிறுவனத்துக்கு நட்டம். இசட்8 2003இல் நின்றபோது 5703. ஹென்ரிக் ஃபிஸ்கர் வரைந்த வெளியுடல், உள்ளே 4.9 லீற்றர் வி8, 400 குதிரை. எனக்குப் பிடித்தது அதில் ஒன்றுமல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் இருப்பில் வைப்போம் என்று பி.எம்.டபிள்யூ. வாக்குக் கொடுத்ததாம். விற்பவன் அப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் நான் வேடத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன்.

ஃபோக்ஸ்வாகன் 1997இல் விட்ட புதிய பீற்றில் பற்றி ஒரு வரி போதும்: பழையதில் எஞ்சின் பின்னால், காற்றால் குளிரும். புதியதில் முன்னால், தண்ணீரால் குளிரும், கீழே அதே நிறுவனத்தின் கோல்ஃப் காரின் அடித்தளம். மிஞ்சியது முதுகு வளைவும் ஒரு பூச்சாடியும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கைவிசேடம் கொடுத்தாயிற்று. கார் கழுவினேன். இன்றைக்குச் சண்டை இல்லை.

ஏப்ரல் 15

இன்றைக்கு உண்டு.

"அந்தக் காலத்துக் கார்களுக்கு ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் இருந்தது" என்று ஒருவர் என் மெர்சிடீஸ் குறிப்பைப் பிடித்துக்கொண்டு நீட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் போகாதீர்கள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வீதியில் நாங்கள் கண்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களின் பின்பக்கத்தில் இரண்டு செட்டைகள் இருக்குமே, அவற்றுக்கு என்ன காரணம்? 1959இல் பினின்ஃபரினா வரைந்தது. ஃபெராரிக்கு வரைந்த அதே இத்தாலிய வீடு. அமெரிக்காவில் செட்டை ஓடியது, இங்கேயும் ஒட்டினார்கள். அதே உடலைச் சற்று மாற்றி மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்றும் விற்றார்கள். இணுவில் புகையிலையை ஏற்றிப்போன செட்டை ஒன்றும் பறக்கவில்லை.

எதிர்ப்பக்கச் சாட்சி மொறிஸ் மைனர். பொனற்றின் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் செய்த மாதிரி அவர் கண்ணுக்கு ஒடுங்கலாகத் தெரிந்தது. நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார், பிடித்துவிட்டது. அந்த நான்கு அங்குலம்தான் பொனற்றின் பட்டை. ஏற்கெனவே செய்துவைத்த பம்பர்களையும் வெட்டி நடுவில் துண்டு வைத்தார்கள். 1948இல் கண்காட்சிக்கு வந்தது அப்படி.

இன்னொன்று. அந்த மைனருக்குத் தகடுகளையும் பாகங்களையும் தென்னிலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். தங்கள் பழைய காரைக் காப்பாற்ற வெள்ளைக்காரர் இலங்கைத் தகரக்காரரிடம் வந்தார்கள். இதைச் சொன்னபோது மால்வேர்னில் வழிகாட்டியாக வந்த அம்மையார் நம்பவில்லை.

மே 4

இனிச் சுன்னாகத்தாருக்கு ஒரு கேள்வி. உங்கள் கேம்பிரிட்ஜை நேற்று மருதனார்மடச் சந்தியில் கண்டேன். செட்டை மினுங்குகிறது, குரோமியம் மினுங்குகிறது, வாழ்த்துகள். ஆனால் சந்தியில் நின்றபோது கேட்ட சத்தம் டீசல். ஜப்பான் டீசல். பொனற்றுக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மே 5 – சுன்னாகத்திலிருந்து

"நிசான். அப்பா காலத்திலேயே மாற்றியது. அதனால் என்ன?"

மே 5, இரவு

ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் முகம், உள்ளே வேறு நாட்டு எஞ்சின், அதுவும் நன்றாக ஓடுகிறது. இதைத்தானே மால்வேர்னிலும் செய்கிறார்கள்?

மே 6

பலருக்கு நேற்றைய குறிப்பு இனித்துவிட்டது, சுன்னாகத்தாரை வறுத்தெடுக்கிறீர்கள். விடுங்கள். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் ஜப்பான் டீசலை ஏற்றியது ஆசைக்காக அல்ல. பழைய எஞ்சினுக்குப் பிஸ்ரன் இல்லை, பெற்றோல் கட்டுப்படியாகவில்லை, புதிய கார் வாங்க வழியில்லை. கிடைத்ததை வைத்தார்கள். எஞ்சின் தாங்கிகளை வெட்டி ஒட்டி, கியர்ப் பெட்டிக்கு இடம் செய்து, தண்டின் நீளத்தைக் குறைத்து, எல்லாம் ஒரு வெல்டிங் குச்சியின் வெளிச்சத்தில். அதைச் செய்தவனிடம் இன்றைக்கும் கொண்டுபோய் நிறுத்தலாம், அவன் கண்ணை மூடிக்கொண்டு திறப்பான். மோர்கனில் எஞ்சினையும் மேடையையும் இணைத்தவர்கள் பொறியியலில் எங்களைவிட எத்தனையோ படி மேல். ஆனால் மருமகன் அந்தக் காரை வாங்கி, அது வீதியில் நின்றால், அவன் செய்யக்கூடியது ஒரு தொலைபேசி அழைப்பு.

மார்ச்சில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாறாதவனை வேடக்காரன் என்னலாமா? உருக்கு ஏணிச் சட்டம் இருந்த காலம் வரைக்கும் முடியாது என்று அடித்துச் சொல்வேன். அலுமினிய மேடை வந்த பிறகு, அதே வளைவுகளைப் புதிய அடித்தளத்துக்கு மேல் வேண்டுமென்றே திரும்ப வரைந்திருக்கிறார்கள். 2019இல் பெரும்பங்கு இத்தாலிய முதலீட்டு நிறுவனமான இன்வெஸ்ட்இண்டஸ்ட்ரியலிடம் போனது. ஆக இனி அது மரபு மட்டுமல்ல, தெரிவும். எனக்கு அதில் கோபம் இல்லை. அந்த மரக்கொட்டகையை மூடாமல் வைத்திருக்க அது விலையென்றால் விலைதான். ஆனால் விலை 2020இலேயே அறுபதாயிரம் பவுணைத் தாண்டியது என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

யூன் 8

சூரிச்சிலிருந்து ஊரோடு வந்து இருக்கப்போகும் ஒருவர் கேட்கிறார்: 2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி திறந்துவிட்டதே, ஒரு மோர்கனைக் கொண்டுவந்து யாழ்ப்பாணத்தில் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஸ்ரியறிங் வலப்புறம், அது வசதி. பண்ணைப் பாலத்தில் மாலை நேரம் ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் அதற்குப் பிறந்த வீதி போலவே இருக்கும், சைக்கிள்காரர் விலகும்வரை. வரியைக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு மூச்சை எண்ணுங்கள். ஒழுங்கைக்குள் வேகத்தடை ஒன்றையாவது அது ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வராது. மால்வேர்னில் மரத்துக்கு மருந்தேற்றித்தான் பூட்டுகிறார்கள், ஆனால் அந்த மருந்தை எங்கள் ஊர்க் கறையானிடம் யாரும் காட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. திருநெல்வேலித் தச்சர் இருக்கிறார், அந்த அளவில் தைரியமாக வாருங்கள். எஞ்சினுக்குக் கொழும்பு.

யூன் 9

அவர் யோசனையை மாற்றிவிட்டாராம். மொறிஸ் மைனர் தேடுகிறார். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கூரைத் துரு இல்லாததாக.

ஓகஸ்ட் 10

நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறி விட்டது, அந்தப் பக்கம் வீதிகள் மறித்திருக்கிறார்கள். ஏ40 கொட்டிலில். கலியாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து ஆவணியில் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிப்போக வாடகைக்குக் கேட்டார். பூச்சரம் கட்டுவார்களாம், ட்ரோனில் படம் எடுப்பார்களாம். அப்பா சோற்றுக்கு ஓடிய கார். இப்போது அது யாழ்ப்பாணத்திலேயே சொகுசு. ஒப்புக்கொண்டேன், பெற்றோல் அவர்கள் செலவு.

"மாமா, நீங்களும் மோர்கன் வாடகைக்காரன் ஆகிவிட்டீர்கள்" என்று மருமகன் செய்தி அனுப்பியிருக்கிறான். இருக்கட்டும்.

ஓகஸ்ட் 11

மானிப்பாயிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் சோமர்செட்டில் மூல எஞ்சின் இன்னும் இருக்கிறது என்றால், டொயோட்டா எஞ்சினை ஏற்றுவதற்கு முன் ஒருமுறை சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து பாருங்கள். நான்கும் அதிகம் குறையாமல் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் மாற்றாதீர்கள், வால்வை மட்டும் அரைத்துக் கொடுத்தால் போதும். மாற்றத்தான் வேண்டும் என்றால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற மறக்காதீர்கள். கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம். பிளக் துளைகளில் கொஞ்சம் ஒயில் விட்டு அடைத்து, மரக்குற்றியில் ஏற்றிச் சாக்கால் மூடி வையுங்கள். இடமில்லை என்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். விலையைத் தேர் முடிந்த பிறகு பேசலாம்.